பொருளியல் புதிதாகப் படிப்பவர்களுக்கு: எந்தச் சொல்லுக்கு அப்புறம் எந்தச் சொல்

கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவர், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர், செய்தியில் வரும் எண்கள் புரிந்தால் போதும் என்று நினைப்பவர், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பொருளியலை ஆசிரியர் துணையின்றிப் படித்துக் கரையேறியவன் நான். ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி), பணவீக்கம், நெகிழ்ச்சி, பற்றாக்குறை என்று சொற்கள் ஒரே சமயத்தில் வந்து குவியும். ஒவ்வொன்றுக்கும் வரையறை கிடைக்கும், ஆனால் அந்த வரையறைக்குள் இன்னும் மூன்று புரியாத சொற்கள் உட்கார்ந்திருக்கும். அந்தத் திணறல் உங்களுக்கு வேண்டாம்.

கீழே உள்ள வரிசையில் போனால் ஒவ்வொரு சொல்லும் முந்தையதன் மேல் நிற்கும். கூடவே ஒரு பழக்கம் வேண்டும். எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் அலகு என்ன, எந்தக் காலத்துக்கு உரியது, எதோடு ஒப்பிடப்படுகிறது என்று கேளுங்கள். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றைக் கேட்காமல் விடும்போதுதான். இங்கே நான் தரும் உதாரணக் கணக்குகளில் வரும் பணத்தை எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

1. தொடங்கும் முன்: என்ன வேண்டும், என்ன செலவு, எவ்வளவு காலம்

ஒரே ஒரு அறிமுகப் பாடநூல் போதும். இரண்டு மூன்றைத் திறந்து வைத்தால் ஒரே கருத்துக்கு வேறு வேறு பெயர்கள் வரும். தமிழ்நாட்டு நூல்களில் தேவை, அளிப்பு என்று இருப்பது இலங்கை நூல்களில் கேள்வி, நிரம்பல் என்று இருக்கும். இறுதிநிலைச் செலவு அங்கே எல்லைச் செலவு. ஒன்றைப் பிடித்து முடித்துவிட்டு அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள்.

பழைய பதிப்பே வாங்கலாம். அடிப்படைக் கருத்துகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. மாறுவது அட்டவணைகளில் உள்ள புள்ளிவிவரம். அதை எப்படியும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். உங்கள் பாடத்திட்டம் குறிப்பிட்ட பதிப்பைக் கேட்டால் மட்டும் புதியதற்குப் பணம் கொடுங்கள்.

புள்ளிவிவரத்துக்குச் செலவே இல்லை. உலக வங்கி 2010 முதல் தன் தரவுத்தளத்தை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. பன்னாட்டு நிதியம் ஆண்டுதோறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் உலகப் பொருளாதாரம் பற்றிய விரிவான அறிக்கையை வெளியிடுகிறது, அதுவும் இலவசம். இவை தவிர, உங்கள் நாட்டுப் புள்ளிவிவரத் துறையின் வெளியீட்டு நாட்காட்டியைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் தேவைப்படும்.

கணிதத்தில் சதவீதம், பின்னம், வரைபடத்தில் ஒரு கோட்டின் சரிவு தெரிந்தால் போதும். நுண்கணிதம் இந்தக் கட்டத்தில் வேண்டாம். தினமும் ஒரு மணிநேரம் ஒதுக்கினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் கீழே உள்ள எல்லாம் கைக்கு வரும். அதில் பாதி நேரத்தை 4, 7, 8 ஆகிய மூன்று படிகளுக்கே வைத்துவிடுங்கள்.

2. வாய்ப்புச் செலவிலிருந்து தொடங்குங்கள்

நேரம், நிலம், உழைப்பு, பணம் எதுவும் அளவில்லாமல் கிடைப்பதில்லை. ஒன்றுக்குச் செலவழித்ததை அதே நேரத்தில் இன்னொன்றுக்குச் செலவழிக்க முடியாது. ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்டவற்றில் மிகச் சிறந்தது எதுவோ, அதன் மதிப்புதான் வாய்ப்புச் செலவு.

இரண்டு ஆண்டுப் படிப்பு ஒன்றின் கட்டணம் 200. படிக்காமல் வேலைக்குப் போயிருந்தால் ஆண்டுக்கு 300 கிடைத்திருக்கும். படிப்பின் உண்மையான செலவு 200 கூட்டல் 600, ஆக 800. தங்குமிடச் செலவு, சாப்பாட்டுச் செலவு இரண்டு வழியிலும் ஆகும் என்பதால் கணக்கில் சேராது. இங்கே இரண்டு பொறிகள் உண்டு. கைவிட்ட எல்லா வாய்ப்புகளையும் கூட்டிவிடுவது ஒன்று. சிறந்த ஒன்றை மட்டும்தான் எடுக்க வேண்டும். ஏற்கனவே செலவாகி இனித் திரும்பாத பணத்தைச் சேர்ப்பது இன்னொன்று. அதற்கு மூழ்கிய செலவு என்று பெயர், இனி எடுக்கும் முடிவில் அதற்கு இடமில்லை.

இது பிடிபட்டால் ஒப்பீட்டு நன்மை என்ற பாடம் தானாகத் திறக்கும். ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் தந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு, போர்ச்சுகலில் 90 பேரின் உழைப்பு. குறிப்பிட்ட அளவு ஒயினுக்கு இங்கிலாந்தில் 120, போர்ச்சுகலில் 80. இரண்டிலும் போர்ச்சுகல்தான் திறமை கூடிய நாடு. அப்படியிருந்தும் இங்கிலாந்து துணி நெய்வதுதான் இரண்டுக்கும் லாபம். ஒரு அலகு துணிக்காக இங்கிலாந்து கைவிடும் ஒயின் 100/120, அதாவது ஆறில் ஐந்து பங்கு. போர்ச்சுகல் கைவிடுவது 90/80, ஒன்றுக்கும் மேல். இந்தக் கணக்கை நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள், மனப்பாடம் செய்யாதீர்கள். உழைப்பு யாருக்குக் குறைவு என்று பார்ப்பதும் வாய்ப்புச் செலவு யாருக்குக் குறைவு என்று பார்ப்பதும் வேறு வேறு. தேர்வுகளில் பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான்.

3. இறுதிநிலை

இன்னும் ஒரு அலகு கூட்டினால் எவ்வளவு மாறும் என்பதுதான் இறுதிநிலை. 10 அலகு தயாரிக்க 500 செலவு, 11 அலகு தயாரிக்க 540 என்றால், பதினொன்றாவது அலகின் இறுதிநிலைச் செலவு 40. சராசரிச் செலவோ ஏறக்குறைய 49. யாராவது அந்த ஒரு அலகை மட்டும் 45க்குக் கேட்டால் கொடுக்கலாமா? சராசரியைப் பார்த்தால் நஷ்டம் போலத் தெரியும், ஆனால் விற்றால் கையில் 5 மிஞ்சும். மற்ற பத்தின் விலையை அந்த விற்பனை கெடுக்காதவரை விற்பதே சரி.

பாடநூலில் "கூட்டலாமா, குறைக்கலாமா" என்ற வகைக் கேள்வி எங்கே வந்தாலும் இறுதிநிலையைத் தேடுங்கள். இறுதிநிலை சராசரிக்குக் கீழே இருந்தால் சராசரி இறங்கும், மேலே இருந்தால் ஏறும். கடைசித் தேர்வில் எடுத்த மதிப்பெண் உங்கள் சராசரியை இழுப்பது போலத்தான்.

4. தேவையும் அளிப்பும்: அவசரப்படாதீர்கள்

முதல் அத்தியாயத்திலேயே வருவதால் இதை எளிது என்று தாண்டிப் போகிறவர்கள் அதிகம். பின்னால் வரும் அத்தியாயங்களில் பாதி இதன்மேல்தான் நிற்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

தேவை என்பது ஒரு தனி எண் இல்லை. ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒவ்வொரு விலையிலும் மக்கள் எவ்வளவு வாங்க விரும்புகிறார்கள், வாங்கப் பணமும் வைத்திருக்கிறார்கள் என்ற முழு அட்டவணைதான் தேவை. அதை வரைந்தால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஒரு புள்ளியை எடுத்தால் அது தேவைப்படும் அளவு. அளிப்புக்கும் இதே பிரிவு உண்டு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இந்த வாக்கியத்தைப் படியுங்கள்: "விலை ஏறியதால் தேவை குறைந்தது, தேவை குறைந்ததால் விலை இறங்கியது, விலை இறங்கியதால் தேவை கூடியது." இப்படியே சுற்றிக்கொண்டு போகலாம், எங்கும் நிற்காது. முதல் பகுதியில் நடந்தது கோட்டின் மேலேயே ஒரு நகர்வு, அதாவது தேவைப்படும் அளவு குறைந்தது. இரண்டாம் பகுதியோ கோடு முழுவதும் இடம்பெயர்ந்ததாக எடுத்துக்கொண்டு பேசுகிறது. பொருளின் சொந்த விலை மாறினால் கோட்டின் மேல் நகர்வு. வருமானம், மற்றப் பொருட்களின் விலை, விருப்பம், எதிர்பார்ப்பு, வாங்குவோர் எண்ணிக்கை ஆகியவற்றில் ஒன்று மாறினால் கோடே இடம்பெயரும். அளிப்புக் கோட்டை நகர்த்துவன மூலப்பொருள் விலை, தொழில்நுட்பம், வரி, மானியம், விற்போர் எண்ணிக்கை முதலியவை.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். வெள்ளைத் தாளில் செங்குத்து அச்சில் விலை, கிடை அச்சில் அளவு என்று போட்டு இரண்டு கோடுகளையும் வரையுங்கள். பிறகு ஒரு செய்தியை எடுங்கள். எந்தக் கோடு நகரும், எந்தப் பக்கம் நகரும், புதிய சமநிலையில், அதாவது இரண்டு கோடுகளும் வெட்டும் புதிய இடத்தில், விலை ஏறுமா, அளவு ஏறுமா என்று இந்த வரிசையிலேயே எழுதுங்கள். விலையிலிருந்து தொடங்கினால் மேலே சொன்ன சுழலில் மாட்டிக்கொள்வீர்கள். இருபது செய்திகளாவது இப்படி வரைந்த பிறகே அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.

இரண்டு கோடும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் விலை, அளவு இரண்டில் ஒன்றை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும். தேவையும் அளிப்பும் கூடினால் அளவு நிச்சயம் கூடும். விலை எந்தப் பக்கம் போகும் என்பது எது அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. "சொல்ல முடியாது" என்பதும் சரியான விடைதான், தைரியமாக எழுதுங்கள்.

உச்சவரம்பு விலை, அதாவது இதற்கு மேல் விற்கக் கூடாது என்று அரசு விதிக்கும் விலை, பற்றியும் ஒரு எச்சரிக்கை. சமநிலை விலைக்குக் கீழே வைத்தால்தான் அது சந்தையைக் கட்டுப்படுத்தும், தட்டுப்பாடு வரும். சமநிலைக்கு மேலே வைத்த உச்சவரம்பு எதையும் மாற்றாது.

5. நெகிழ்ச்சி

விலை ஒரு சதவீதம் மாறினால் தேவைப்படும் அளவு எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதே தேவையின் விலை நெகிழ்ச்சி. விலை 10லிருந்து 12 ஆகிறது, 20 சதவீத ஏற்றம். விற்பனை 100லிருந்து 90 ஆகிறது, 10 சதவீத இறக்கம். நெகிழ்ச்சி 0.5, ஒன்றுக்குக் கீழே. வருவாய் 1000லிருந்து 1080 ஆகக் கூடியிருப்பதைக் கவனியுங்கள். நெகிழ்ச்சி ஒன்றைவிடக் குறைவாக இருக்கும்வரை விலை ஏற்றம் வருவாயைக் கூட்டும், ஒன்றைத் தாண்டினால் குறைக்கும்.

கோட்டின் சரிவும் நெகிழ்ச்சியும் ஒன்று என்று நினைப்பதுதான் இங்குள்ள பொறி. நேர்கோடான தேவைக் கோட்டில் சரிவு எங்கும் ஒன்றே, ஆனால் மேல்பகுதியில் நெகிழ்ச்சி அதிகம், கீழ்ப்பகுதியில் குறைவு.

6. இருப்பா, ஓட்டமா?

பேரியல் பொருளியலுக்குள், அதாவது நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பற்றிய பகுதிக்குள், நுழைவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்குக் கொடுங்கள். ஒரு நாளில் நின்று அளப்பது இருப்பு: சொத்து, கடன், மக்கள்தொகை. ஒரு காலத்துக்கு அளப்பது ஓட்டம்: வருமானம், செலவு, உற்பத்தி. "ஆண்டுக்கு", "மாதத்துக்கு" என்று சொல்லாவிட்டால் ஓட்டத்துக்குப் பொருளே இல்லை.

அரசின் நிதிப் பற்றாக்குறை, அதாவது அரசின் செலவு வரவைத் தாண்டும் அளவு, ஓட்டம்; பொதுக்கடன் இருப்பு. கடன் 1000 இருக்கும்போது ஓராண்டுப் பற்றாக்குறை 80 என்றால் கடன் 1080 ஆகும். அடுத்த ஆண்டு பற்றாக்குறை 50 ஆகக் குறைந்தாலும் கடன் 1130. பற்றாக்குறை குறைந்தது, கடன் கூடியது இரண்டுமே உண்மை. இதைப் புரிந்துகொள்ளாமல் வரவுசெலவுத் திட்ட விவாதத்தைக் கேட்டால் இரண்டு தரப்பில் ஒன்று பொய் சொல்வதாகத் தோன்றும். வர்த்தகப் பற்றாக்குறை வேறு சங்கதி. அது இறக்குமதி ஏற்றுமதியைத் தாண்டும் அளவு, அரசின் கணக்கோடு குழப்பாதீர்கள்.

7. ஜிடிபி: எதைச் சேர்ப்பது, எதை விடுவது

ஒரு நாட்டின் எல்லைக்குள், ஒரு குறிப்பிட்ட காலத்தில் உற்பத்தியான இறுதிப் பொருட்கள், சேவைகள் ஆகியவற்றின் சந்தை மதிப்பு. இந்த வரையறையில் ஒவ்வொரு சொல்லும் எதையோ ஒன்றை வெளியே தள்ளுகிறது, அதனால் சொல் சொல்லாகப் படியுங்கள்.

"இறுதி" என்பதால் இடைநிலைப் பொருட்கள் வெளியே. பஞ்சு 40க்கு விற்று, அது நூலாகி 70க்கு விற்று, அது துணியாகி 120க்கு விற்றால் ஜிடிபியில் ஏறுவது 120 மட்டும், மூன்றையும் கூட்டிய 230 அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் கூடிய மதிப்பை, அதாவது 40, 30, 50 ஆகியவற்றைக் கூட்டினாலும் அதே 120 வரும். "உற்பத்தியான" என்பதால் பழைய வீடு கைமாறுவதும் பங்கு வாங்குவதும் சேராது, தரகருக்குத் தந்த கட்டணம் மட்டும் சேரும். ஓய்வூதியம் போல அரசு தரும் மாற்றுத் தொகைகளும் சேராது. "சந்தை மதிப்பு" என்பதால் வீட்டில் கூலியில்லாமல் செய்யும் சமையலும் குழந்தைப் பராமரிப்பும் விடுபடுகின்றன. இது சிறிய விடுபடல் இல்லை. ஜிடிபியை நலத்தின் அளவுகோலாகப் பயன்படுத்தும்போது இதை மறக்கவே கூடாது.

செலவு வழிக் கணக்கில் நுகர்வு, முதலீடு, அரசுச் செலவு, ஏற்றுமதி ஆகியவற்றைக் கூட்டி இறக்குமதியைக் கழிப்பார்கள். உடனே "இறக்குமதி கூடினால் ஜிடிபி குறையும்" என்று எழுதிவிடாதீர்கள். வெளிநாட்டில் செய்த ஒரு கருவியை 500 கொடுத்து வாங்கினால் நுகர்வில் 500 ஏறும், இறக்குமதியில் 500 கழியும். ஜிடிபியில் மாற்றம் பூஜ்யம். உள்நாட்டில் உற்பத்தியாகாதது நுகர்வுக் கணக்கில் புகுந்துவிட்டதால் அதை வெளியே எடுக்கிறார்கள், அவ்வளவே.

அந்தச் சூத்திரத்தில் வரும் முதலீடு என்பது இயந்திரம், கட்டடம், கையிருப்புச் சரக்கு. விற்காமல் கிடங்கில் கிடக்கும் பொருளும் அந்த ஆண்டின் முதலீட்டில்தான் சேரும்.

அப்புறம், நாடுகளை ஒப்பிடும்போது எந்த அளவுகோல் என்று பாருங்கள். சந்தை மாற்று விகிதத்தில் அமெரிக்கப் பொருளாதாரம் பெரியது, வாங்கும் திறன் சமநிலையில், அதாவது நாட்டுக்கு நாடு உள்ள விலை வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தால், சீனாவுடையது பெரியது.

8. பணவீக்கமும் சதவீதக் கணக்கும்

விலைக் குறியீட்டெண்ணில் ஒரு அடிப்படைக் காலத்தை 100 என்று வைப்பார்கள். முதல் ஆண்டு 100, அடுத்த ஆண்டு 120, அதற்கடுத்த ஆண்டு 126 என்று வைத்துக்கொள்வோம். பணவீக்கம், அதாவது விலைமட்டம் ஏறும் வேகம், முதலில் 20 சதவீதம், பிறகு 5 சதவீதம். பணவீக்கம் வேகமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் விலைகள் குறையவே இல்லை, இரண்டு ஆண்டில் 26 சதவீதம் ஏறி நிற்கின்றன. "பணவீக்கம் குறைந்ததாம், கடையில் எதுவும் குறையவில்லையே" என்று மக்கள் கோபப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது. பணவீக்க விகிதம் பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் விலைமட்டம் இறங்கும். அதற்குப் பணவாட்டம் என்று பெயர்.

மத்திய வங்கிகள் பூஜ்யத்தை இலக்காக வைப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கா, ஐரோ பகுதி, பிரிட்டன், ஜப்பான் ஆகியவற்றில் இலக்கு 2 சதவீதம். இந்தியாவில் 4 சதவீதம், அதிலிருந்து இரு பக்கமும் 2 சதவீதப் புள்ளி விலகலாம்.

சரி, சதவீதப் புள்ளி என்றால்? வட்டி விகிதம் 6 சதவீதத்திலிருந்து 6.5 ஆனால் ஏற்றம் 0.5 சதவீதப் புள்ளி, அல்லது 50 அடிப்படைப் புள்ளி. "அரை சதவீதம் ஏறியது" என்று எழுதுவது தவறு, ஏனெனில் 6ஐ ஒப்பிட அது 8 சதவீதத்துக்கும் மேலான ஏற்றம். குறியீட்டெண் 150லிருந்து 156 ஆனால் 6 புள்ளி ஏற்றம், பணவீக்கம் 4 சதவீதம். இன்னொன்று: 100இல் 10 சதவீதம் இறங்கி மறுபடி 10 சதவீதம் ஏறினால் 100 வராது, 99தான் வரும்.

பெயரளவு, உண்மை என்ற பிரிவும் இங்கேதான் பயன்படும். பண மதிப்பில் ஜிடிபி 12 சதவீதம் கூடி, விலைகள் 7 சதவீதம் ஏறியிருந்தால் உண்மை வளர்ச்சி ஏறக்குறைய 5 சதவீதம். துல்லியமாகக் கணக்கிட வேண்டுமானால் 1.12ஐ 1.07ஆல் வகுங்கள், 4.7 வரும். சேமிப்புக்கு 8 சதவீத வட்டி, பணவீக்கம் 6 என்றால் உண்மை வட்டி 2 சதவீத அளவே.

9. வேலையின்மை

வேலை இல்லாத எல்லாரும் வேலையற்றோர் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி மூன்றும் சேர வேண்டும்: வேலை இல்லை, அண்மையில் வேலை தேடினார், கிடைத்தால் சேரத் தயார். கணக்கெடுத்த வாரத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணிநேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்.

வகுக்கும் எண் மக்கள்தொகை அல்ல, உழைப்பாளர் படை, அதாவது வேலையில் இருப்பவர்களும் வேலையற்றோரும் சேர்ந்த தொகை. 540 பேர் வேலையில், 60 பேர் தேடுகிறார்கள் என்றால் விகிதம் 10 சதவீதம். அந்த 60 பேரில் 30 பேர் மனம் தளர்ந்து தேடுவதை நிறுத்திவிட்டால் 570இல் 30, அதாவது 5.3 சதவீதம். ஒருவருக்குக்கூடப் புதிதாக வேலை கிடைக்கவில்லை. எனவே இந்த விகிதத்தை உழைப்பாளர் பங்கேற்பு விகிதத்தோடு, அதாவது வேலை செய்யும் வயதினரில் எத்தனை சதவீதம் பேர் உழைப்பாளர் படையில் இருக்கிறார்கள் என்பதோடு, சேர்த்தே படிக்க வேண்டும்.

10. ஒரு உண்மையான அறிக்கையைக் கையில் எடுங்கள்

முதல் படியில் எடுத்து வைத்த நாட்காட்டியைப் பார்த்து, அடுத்து வரப்போகும் ஜிடிபி அல்லது விலைக் குறியீட்டு வெளியீட்டைத் தேர்ந்தெடுங்கள். விலைக் குறியீடு பெரும்பாலான நாடுகளில் மாதந்தோறும் வரும், ஜிடிபி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வெளியான அன்றே செய்தியைப் படிக்காமல் அறிக்கையைப் படியுங்கள். சில பக்கங்கள்தான் இருக்கும். அட்டவணையின் அடிக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள். வளர்ச்சி முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டதா, சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டதா, பருவகால மாறுபாடு நீக்கப்பட்டதா என்று அங்கே எழுதியிருக்கும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. 2020 ஜூலை இறுதியில் அமெரிக்கா வெளியிட்ட முதல் மதிப்பீட்டில், இரண்டாம் காலாண்டு ஜிடிபி 32.9 சதவீதம் சரிந்ததாகத் தலைப்புகள் வந்தன. பொருளாதாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலாண்டில் நடந்த சரிவு 9.5 சதவீதம். அதே வேகத்தில் ஓராண்டு முழுவதும் சரிந்தால் எவ்வளவு ஆகும் என்று ஆண்டு வீதமாக மாற்றிய எண்தான் 32.9. அமெரிக்கா வழக்கமாக இப்படித்தான் வெளியிடுகிறது, மற்றப் பல நாடுகள் அப்படிச் செய்வதில்லை. இரண்டு நாட்டு எண்களை அருகருகே வைக்கும்முன் இதைச் சரிபாருங்கள்.

முதல் மதிப்பீடு கடைசி மதிப்பீடு இல்லை. அமெரிக்கா ஒரே காலாண்டுக்கு ஒரு மாத இடைவெளியில் வழக்கமாக மூன்று மதிப்பீடுகள் தரும், அதற்குப் பிறகும் ஆண்டுத் திருத்தங்கள் வரும். மற்ற நாடுகளிலும் திருத்தம் வழக்கமே, அதில் ஐயப்பட எதுவுமில்லை. தாமதமாகக் கிடைக்கும் கணக்குகள் வந்து சேர்கின்றன. ஆனால் சில ஆண்டுகளுக்கு முந்தைய செய்தியிலிருந்து ஒரு எண்ணும் இன்றைய அட்டவணையிலிருந்து ஒரு எண்ணும் எடுத்து வளர்ச்சியைக் கணக்கிடாதீர்கள். இடையில் அடிப்படை ஆண்டே மாறியிருக்கக்கூடும். இரண்டு எண்ணையும் ஒரே நாளில், ஒரே அட்டவணையிலிருந்து எடுங்கள், எடுத்த தேதியைப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.